புத்தக வியாபாரி கடை மூடினால் அலமாரி எங்கே போகும்?

[திரை: புரியாத எழுத்தும் செடி ஓவியங்களும் நிறைந்த பழைய தோல்தாள்]

குரல்: இது வாய்னிச் கையெழுத்துப் பிரதி. இதில் இருப்பதை இன்றுவரை யாரும் படித்துச் சொல்லவில்லை. நியூயார்க்கின் பெரிய அரிய நூல் வியாபாரி ஹெச்.பி. கிரவுஸ் 1961இல் இதை 24,500 டாலருக்கு வாங்கினார். 1,60,000 டாலர் விலை சொன்னார். ஆள் வரவில்லை. கடைசியில் 1969இல் யேல் பல்கலைக்கழகத்துக்குச் சும்மாவே கொடுத்துவிட்டார்.

வியாபாரி கடை மூடும்போது மிஞ்சுகிற சரக்கைப் பார்த்தால், நல்லதெல்லாம் போன பிறகு நின்ற கழிசல் என்றுதான் தோன்றும். பாதி சரி. விலை அதிகம் சொன்னதால் தங்கியவை உண்டு. இரண்டு ஏடு குறைகிறது, இன்னொரு பிரதி சிக்கினால் சேர்த்துவிடலாம் என்று எடுத்து வைத்தவை உண்டு. விற்க மனசு வராதவையும் உண்டு, அதை எந்த வியாபாரியும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

[திரை: ஏல அரங்கு]

குரல்: கிரவுஸ் 1988இல் காலமானார். அதற்குப் பிறகும் நடந்துவந்த கடையின் சரக்கை, 2003 டிசம்பரில் சோத்பீஸ் ஏல நிறுவனம் நியூயார்க்கில் இரண்டு நாள் ஏலம் விட்டது. இப்படிப்பட்ட ஏலத்தில் பெரிய விலைக்குப் போகக்கூடியது மட்டும் தனி லாட், அதாவது தனியாக ஏலம் விடும் உருப்படி. மற்றதெல்லாம் தட்டுத் தட்டாக, பெட்டி பெட்டியாக.

டெக்சாஸின் ஆர்ச்சர் சிட்டியில் நாவலாசிரியர் லாரி மெக்மர்ட்ரி பழைய புத்தகக் கடையும் நடத்தினார். 2012 ஆகஸ்டில், உயிரோடு இருக்கும்போதே, ஏறக்குறைய 3,00,000 புத்தகங்களை இரண்டே நாளில் ஏலம் விட்டார். ஒரு லாட்டில் இருநூறு புத்தகம் வரை இருக்கும். பிடித்த ஒன்றுக்காக மீதியையும் லாரியில் ஏற்றத்தான் வேண்டும்!

சரி, விலை எப்படி? கடையில் ஒட்டியிருந்த விலையை மறந்துவிடுங்கள். கையைத் தூக்குபவர்களில் பாதிப் பேர் சக வியாபாரிகள். தங்கள் லாபத்தைக் கழித்துத்தான் கேட்பார்கள். அதே புத்தகத்தை அதே விலையில் பழைய கேட்டலாக்குகளில் வருஷக்கணக்காகப் பார்த்தும் இருப்பார்கள். முன்பு சிண்டிகேட் போடுவதும் நடந்தது. அரங்கில் ஒருவர் மட்டும் கேட்பார், மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். அப்புறம் வெளியே போய்த் தங்களுக்குள் மறு ஏலம். 1919இல் இங்கிலாந்தின் ரக்ஸ்லி லாட்ஜ் நூலகம் இப்படித்தான் சொற்ப விலைக்குப் போனது. 1927இல் அங்கே இதற்குத் தடைச் சட்டமே வந்தது.

[திரை: தடித்த நூற்பட்டியல் தொகுதிகள்]

குரல்: என்னைக் கேட்டால், சரக்கைவிட சுவாரசியம் வியாபாரி தன் மேஜைக்குப் பின்னால் வைத்திருந்த அலமாரிதான். விற்பதற்காக வாங்கியதல்ல, விற்கும் புத்தகத்தைச் சரிபார்க்க வாங்கியது. எத்தனை ஏடு இருக்க வேண்டும், எந்தப் பதிப்பில் எந்த அச்சுப்பிழை, உலகில் எத்தனை பிரதி மிச்சம் எல்லாம் அங்கே இருக்கும். அமெரிக்கா பற்றிய பழைய நூல்களுக்கு 1868 முதல் 1936 வரை வந்த சாபின் பட்டியல், 29 தொகுதி. 1640 வரையிலான ஆங்கில அச்சு நூல்களுக்கு, 1926இல் வந்த போலார்ட், ரெட்கிரேவ் பட்டியல்.

இவற்றில் பல இப்போது இணையத்தில் தேடக் கிடைக்கின்றன. 1501க்கு முன் ஐரோப்பாவில் அச்சான நூல்களுக்கு பிரிட்டிஷ் நூலகம் உருவாக்கிய தரவுத்தளத்தைக் காசில்லாமலே பார்க்கலாம். அதனால் ஒருகாலத்தில் தொழிலின் முதலீடாக இருந்த தொகுதிகள் தளர்ந்த விலைக்கே போகின்றன.

விலை விழாதது ஓரத்துப் பென்சில் குறிப்பு. பழைய ஏல கேட்டலாக்கில் எந்த லாட்டை யார், எவ்வளவுக்கு எடுத்தார் என்று வியாபாரி குறித்திருப்பார். சில புத்தகங்களின் கடைசி ஏட்டில் அவர் வாங்கிய விலையே இருக்கும், குழூஉக்குறியில். எழுத்து திரும்ப வராத பத்தெழுத்துச் சொல் ஒன்றை எடுத்துக்கொண்டு, முதலெழுத்து 1, இரண்டாவது 2 என்று வைத்து, பத்தாவதைச் சுழியாக்குவார்கள். சொல் கடைக்குக் கடை மாறும். அதை உடைத்துவிட்டால் அந்தக் கடையின் லாபக் கணக்கே கைக்கு வந்துவிடும்.

நூலகங்கள் இதைத்தான் தேடுகின்றன. நியூயார்க்கில் 1884இல் தொடங்கிய புத்தகப் பிரியர் சங்கமான குரோலியர் கிளப், ஏல, வியாபாரி கேட்டலாக்குகளை ஏராளமாகச் சேர்த்து வைத்திருக்கிறது. ஆனால் ஏலத்தில் இவை பெரும்பாலும் கடைசி நேரத்தில், ஒரே பெட்டியில், “பலவகைக் கேட்டலாக்குகள்” என்ற ஒற்றை வரியில் வரும். ஏலம் கேட்பவர் முந்தின நாள் சரக்கைப் பார்வையிட விடும் நேரத்துக்கே போய்ப் பெட்டியைத் திறந்து, பென்சில் குறிப்பு இருக்கிறதா என்று புரட்டிவிட வேண்டும். சுத்தியல் விழும் விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கமிஷன் தனி; கால்வாசி அளவுக்குக்கூட ஏறும். கையைத் தூக்கும் முன்பே அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.