பாட்டன் பிறந்த சீட்டும் நாட்டின் பெருமையும் – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

சரி, இந்தக் கேள்வியை அப்படியே படிச்சிடறேன். "குடியுரிமைச் சட்டத்தை இறுக்கினா உடனே கூப்பாடு போடறாங்க. ஒரு நாடு தன்னோட பெருமையையும் அடையாளத்தையும் காப்பாத்திக்கணும்னா, யாரு நம்மாளு யாரு வெளியாளுன்னு பிரிச்சுத்தானே ஆகணும்? இதுல என்னங்க தப்பு?"

பிரிக்கவே கூடாதுன்னு நான் சொல்லமாட்டேன். எல்லா நாடும் பிரிக்குது. யாருக்கு ஓட்டு, யாருக்கு பாஸ்போர்ட்டுன்னு ஒரு கணக்கு வேணும்தான். அந்தக் கணக்குக்குள்ள 'பெருமை' வந்து உக்காரும்போதுதான் எனக்கு உறுத்துது. பொதுவாப் பேசினா வழவழன்னு போயிடும், அதனால பக்கத்துல நடந்த ஒண்ணை எடுத்துக்குவோம். இலங்கை, 1948.

பிப்ரவரி 4ஆம் தேதி சுதந்திரம். நவம்பர்ல குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தாச்சு. அந்தச் சட்டத்துல எந்த இனத்தோட பேரும் இருக்காது. படிச்சா நியாயமாத்தான் தெரியும். நீ இங்க பிறந்தது மட்டும் போதாது, உங்கப்பா இங்க பிறந்திருக்கணும். இல்லைன்னா அப்பாவழித் தாத்தாவும், அவரோட அப்பாவும் இங்க பிறந்திருக்கணும். எல்லாருக்கும் ஒரே விதி. ஆனா நிரூபின்னு சொன்னது யாருகிட்ட? சிங்களப் பேரு வெச்சிருக்கிறவர் வீட்டுக்குப் போய், உங்க கொள்ளுத்தாத்தா சீட்டை எடுங்கன்னு யாரும் கேக்கல. மலையகத்துல, அதாவது இலங்கையோட மலைநாட்டுல, இந்தியாவுல இருந்து போன தோட்டத் தொழிலாளிங்க லயத்துல (வரிசை வீட்டுல), எட்டடிக்குப் பத்தடி அறையில ஒரு குடும்பமே படுத்து எந்திரிக்குதே, அங்கதான் கேட்டாங்க.

அந்தச் சனத்துக்கு என்ன சீட்டு குடுத்துக் கூட்டிட்டுப் போனாங்க தெரியுமா? தகரம். போன நூற்றாண்டு தொடக்கத்துல ராமேஸ்வரம் பக்கத்துல இருக்கிற மண்டபம்ங்கற ஊரு வழியா கப்பலேறினவங்களுக்கு ஒரு தகர வில்லை. அதுல தோட்டத்தோட எண்ணு, ஆளோட எண்ணு. பேரு கிடையாது, அப்பன் பேரும் கிடையாது. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்துல இருந்து போனவங்க, நம்பரோட இறங்கினாங்க. பெரட்டுல (காலையில ஆள் கணக்கெடுக்கிற இடத்துல) பேரு குடுத்து, ஆள் பிடிச்சு மேய்க்கிற கங்காணி கணக்குல கடன்பட்டு, கொழுந்து பறிச்சே மூணு தலைமுறை ஓடிப்போச்சு. அப்போ தேயிலையும் ரப்பரும்தான் அந்த நாட்டோட ஏற்றுமதியில பெரும்பங்கு. 'சிலோன் டீ'ன்னு உலகம் பூராவும் பெருமையாச் சொன்னாங்களே, அந்தப் பெருமை இவங்க முதுகுல தொங்கின கூடையில இருந்து வந்ததுங்க. இப்ப அதே ஆளுகிட்ட, உங்க பாட்டன் எங்க பிறந்தான், எழுத்துல காட்டுன்னு கேக்கறாங்க. தகர வில்லையைத்தான் காட்டணும்!

இதுக்குள்ள ஒரு அரசியல் கணக்கும் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. 1947 தேர்தல்ல இலங்கை இந்தியர் காங்கிரஸ்ல இருந்து ஏழு பேர் நாடாளுமன்றத்துக்குப் போனாங்க, தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் அதுல ஒருத்தர். தோட்டத்து ஓட்டு இன்னும் சில தொகுதியில இடதுசாரிகளுக்கும் போச்சு. முதல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்க அரசுக்கு அது பிடிக்கல. 1949ல அந்தத் தோட்டத்து மக்களோட ஓட்டுரிமையும் போச்சு. 1952 தேர்தல்ல அந்த ஏழு பூஜ்யம் ஆயிடுச்சு. வெளியில 'தேசத்தோட அடையாளம்'னு பேச்சு, உள்ளே தொகுதிக் கணக்கு. பல நாட்டுல இப்படித்தான், உத்துப் பாத்தா தெரியும்.

பதிவு பண்ணிக் குடியுரிமை வாங்கலாம்னு 1949ல இன்னொரு சட்டம் போட்டாங்க. கல்யாணம் ஆனவங்க ஏழு வருஷம், ஆகாதவங்க பத்து வருஷம் தொடர்ச்சியா இருந்ததாக் காட்டணும். எட்டு லட்சத்துக்கு மேல சனம் கேட்டுச்சு. கிடைச்சது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. யோசிச்சுப் பாருங்க, ஊருல அம்மாவுக்கு முடியலைன்னு போயி ஒரு வருஷத்துக்கு மேல தங்கிட்டா, 'தொடர்ச்சி' அறுந்துபோச்சு.

நம்ம ஆளுங்களையும் சொல்லணும். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அமைச்சரா இருந்துக்கிட்டு அந்த 1949 பதிவுச் சட்டத்துக்கு ஆதரவா நின்னார். அதே கட்சியில இருந்த செல்வநாயகம் எதிர்த்தார், அதுலதான் கட்சி உடைஞ்சு தமிழரசுக் கட்சி பிறந்துச்சு. 'தோட்டக்காட்டான்'னு மலையக மக்களை இழிவாச் சொன்னதுல வடக்குத் தமிழருக்கும் பங்கு உண்டு. 1956ல ஆட்சிமொழி சிங்களம் மட்டும்னு சட்டம் வந்தப்போ, அந்தக் கத்தி யாரு கழுத்துக்கு வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

அப்புறம் 1964 அக்டோபர், ரெண்டு நாட்டுப் பிரதமர்களும் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாம நின்னவங்க மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் ஒண்ணரை லட்சத்தை அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டு, 1974ல ஆளுக்குப் பாதியாப் பிரிச்சாங்க. ஏழு பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினா நாலு பேருக்கு இலங்கைக் குடியுரிமைன்னு ஒரு விகிதம் வேற! ஆட்டுச் சந்தையில கூட ஆட்டைத் தொட்டுப் பாப்பாங்க. இவங்களை யாரும் கேக்கக்கூட இல்ல. ரெண்டு பக்கத்துத் தலைவர்களும் அவங்கவங்க நாட்டு மானத்தைக் காப்பாத்திக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாங்க.

நீலகிரியில கோத்தகிரி பக்கம், இப்படி இங்க வந்து சேந்த ஒரு அம்மாவைப் பாத்தேன். கண்டியில இருந்த இந்தியத் தூதரக அலுவலகத்துல குடுத்த பாஸ்போர்ட்டை மஞ்சப் பையில சுத்தி வெச்சிருக்காங்க. போட்டோவுல கைக்குழந்தையோட இருக்காங்க. "அங்க இருந்தப்போ கள்ளத்தோணின்னாங்க, இங்க வந்தா சிலோன்காரின்னாங்க. எங்க ஊரு எதுன்னு நீங்களே சொல்லுங்க தம்பி"ன்னாங்க. நான் டீயைக் குடிச்சுட்டுப் பேசாம வந்துட்டேன்.

அங்க மிச்சம் இருந்தவங்களுக்கு 1988லயும் 2003லயும் சட்டம் போட்டுக் குடியுரிமை குடுத்தாங்க. 2003ல, 1964 அக்டோபர்ல இருந்து இங்கதான் இருக்கேன்னு ஒரு உறுதிமொழி குடுத்தாலே போதும். கொள்ளுத்தாத்தா சீட்டு வேண்டாம். அதனால இலங்கையோட பெருமை ஒரு இஞ்சு குறைஞ்சுதா? கேள்வி கேட்ட நண்பர் சொல்லட்டும். 55 வருஷம் அந்தச் சீட்டைக் கேட்டுக்கிட்டே இருந்தது எதைக் காப்பாத்தன்னும் சேத்துச் சொல்லட்டும்.

ஒண்ணு விட்டுட்டேன். முன்னாடி சொன்ன மண்டபம் இருக்கே, தகர வில்லையோட ஆளைக் கப்பலேத்தின இடம், 1983 இனக்கலவரத்துக்கு அப்புறம் இலங்கைத் தமிழர் அகதி முகாம் அங்கதான். நம்ம இந்தியாவோட 1955 குடியுரிமைச் சட்டப்படி, 1987 ஜூலை 1க்கு முன்னாடி இந்திய மண்ணுல பிறந்தவங்க பிறப்பாலேயே குடிமக்கள். அந்த முகாம்ல 1986ல பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்தோட மதுரைக் கிளைக்குப் போனாங்க. 2022ல கோர்ட்டு குடுக்கச் சொல்லிடுச்சு. 2024 தேர்தல்ல ஓட்டும் போட்டாங்க. அதே முகாம்ல 1987 ஜூலை 2ஆம் தேதி பிறந்த பிள்ளைக்கு, அப்பா அம்மா ரெண்டு பேரும் அகதின்னா, இந்த வழி கிடையாது. பக்கத்து நாட்டுல இருந்து வந்தவங்களுக்குக் குடியுரிமை குடுக்கக் கொண்டுவந்த 2019 திருத்தத்துலயும் (சிஏஏ) இலங்கை பேரு இல்ல.

சரி, அடுத்த கேள்வியை எடுங்க.