சேலத்திலிருந்து அந்தமான்: எந்த மாதம், எந்தக் கரை?

[காட்சி: ஏற்காடு லேடீஸ் சீட். ஜனவரி மாலை. கீழே சேலம் நகரம்.]

வணக்கம். இப்போது மணி ஆறு. சூரியன் இன்னும் மலை விளிம்பில் நிற்கிறது. இதே நேரத்தில் அந்தமானின் போர்ட் பிளேரில் இருட்டிவிட்டது. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட அதே ஊர்தான்.

சேலமும் போர்ட் பிளேரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. ஆனால் அந்த ஊர் நமக்குக் கிழக்கே 14 பாகைக்கும் மேல் தள்ளி இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். கடிகாரமோ இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். அதனால் அங்கே சூரியன் சீக்கிரம் எழுந்து, சீக்கிரம் மறைந்துவிடுகிறது. இதை மறந்துவிடாதீர்கள், தங்குமிடம் பற்றிப் பேசும்போது இது மீண்டும் வரும்.

[காட்சி: கொண்டை ஊசி வளைவில் வரிசையாக நிற்கும் கார்கள்.]

விடுமுறை என்றதும் நாம் முதலில் அறையைத்தான் தேடுகிறோம். ஏற்காட்டுக்கு அது சரி. மழையே பெய்தாலும் 20 வளைவுகளை ஏறினால் அறைக்குப் போய்விடலாம். அந்தமானில் உங்களுக்கும் அறைக்கும் நடுவே கடல் இருக்கிறது. ஆகவே முதலில் மாதம், அடுத்து கப்பல், கடைசியில்தான் அறை.

என் அக்கா குடும்பம் மே மாதக் கடைசி வாரத்தில் போனது. பள்ளி விடுமுறை, கட்டணமும் குறைவு. ஸ்வராஜ் தீவில், அதாவது பழைய ஹேவ்லாக்கில், மூன்று இரவுகளுக்கு முழுப் பணமும் கட்டிவிட்டார்கள். போர்ட் பிளேரில் போய் இறங்கிய மறுநாள் கடல் கொந்தளித்தது. தீவுக்குப் போகும் கப்பலை ரத்து செய்துவிட்டார்கள். அறைப் பணம் திரும்பவில்லை. போர்ட் பிளேரில் வேறு அறைக்கு இரண்டாம் முறை பணம் கட்டினார்கள். பிள்ளைகள் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அக்கா சொன்னபோது எனக்கு மனம் கனத்துப்போனது.

காரணம் எளிது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவது வழக்கமாக ஜூன் 1 வாக்கில். அந்தமான் கடலுக்கு அது பத்து நாள் முன்னதாகவே வந்துவிடுகிறது. நமக்குக் கத்திரி வெயில் காயும்போது அங்கே மழைக்காலம் பிறந்துவிடும்.

சரி, டிசம்பர்? முதல் பாதியை நான் நம்பமாட்டேன். 2016 டிசம்பரில், பின்னர் சென்னையைப் புரட்டிப்போட்ட வர்தா புயல் உருவாகத் தொடங்கியபோது, ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படை போய் மீட்டது. அரையாண்டு விடுமுறையில் வானம் பெரும்பாலும் தெளிந்துவிடும், ஆனால் விலை உச்சத்தில் இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் இல்லாத வீடு என்றால் தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை எப்போது வேண்டுமானாலும் போகலாம். பிள்ளைகள் இருந்தால், ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு ஏப்ரல் கடைசியில் கிளம்புங்கள். வெயில் இருக்கும். ஆனால் கடல் அமைதியாக, அடிமணல் தெரியும் அளவுக்குத் தெளிவாக இருக்கும் காலம் அது.

[காட்சி: இரவு, சேலம் ஜங்ஷன் நடைமேடை.]

ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடிவதற்குள் சென்னை. காலை விமானம் பிடித்தால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அன்றே ஸ்வராஜ் தீவுக்குக் கப்பல் ஏற வேண்டாம். போர்ட் பிளேரிலேயே அபர்தீன் பஜார் பக்கம் தங்குங்கள். செல்லுலர் சிறை அருகில்தான், தமிழ் பேசுபவர்களும் நிறைய. சிறைக் கட்டடத்தின் ஏழு சிறகுகளில் எஞ்சியிருக்கும் மூன்றை அன்று மாலையே நின்று நிதானமாகப் பாருங்கள்.

[காட்சி: ஸ்வராஜ் தீவின் வரைபடம்.]

இப்போது ஸ்வராஜ் தீவு. கிழக்குக் கரையில் கோவிந்த் நகர், விஜய் நகர். மேற்குக் கரையில் ராதாநகர். புகழ் முழுவதும் ராதாநகருக்கு. பலரும் அங்கேயே அறை தேடுகிறார்கள். நான் கிழக்கையே சொல்வேன். படகுத்துறை, கடைத்தெரு, பல விலைகளில் விடுதிகள் எல்லாம் அந்தப் பக்கம்தான். ராதாநகர் பக்கம் விடுதிகள் குறைவு, பெரும்பாலும் விலை அதிகம். கிழக்கில் ஒரு குறை உண்டு: நீர் வற்றும்போது கடல் வெகுதூரம் பின்வாங்கி, பாறையும் பவளச் சிதைவும் தலைகாட்டும். வாசலிலேயே எந்நேரமும் குளிக்கலாம் என்று எண்ணிப் போகாதீர்கள். குளிப்பதற்கு ராதாநகர். ஆனால் மதியம் இரண்டு, மூன்று மணிக்கே போய்விடுங்கள். சேலத்து வழக்கப்படி ஐந்து மணிக்குக் கிளம்பினால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள். மறுநாள் விடியலுக்கு எழுந்தால் உங்கள் கரையிலேயே சூரியன் உதிக்கும்.

நீல் என்று நாம் அறிந்த ஷஹீத் தீவுக்கு ஓர் இரவு போதும். அங்குள்ள இயற்கைப் பாறை வளைவை அடைய நீர் வற்றியிருக்க வேண்டும். வீட்டில் தினமும் கிழிக்கும் நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம் நன்றாக ஏறும், அதே அளவுக்கு நன்றாக வற்றும். எத்தனை மணிக்கு வற்றும் என்பதை விடுதியில் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி இரவு கட்டாயம் போர்ட் பிளேரில்தான். காலையில் தீவிலிருந்து கப்பல், மதியம் விமானம் என்று ஒருபோதும் திட்டமிடாதீர்கள். அந்த ஓர் இரவு வாடகையை வீண் செலவாக நினைக்காமல் முதலிலேயே கணக்கில் எழுதிவிட்டு, அதன் பிறகு விமான டிக்கெட் எடுங்கள்.