டூட்டூவை வடித்தவை ஆடிய கால்களே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கம் நிறைய அமர்ந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"பாலே நடனத்தின் டூட்டூ உடைக்கு உருவம் கொடுத்தவை பார்த்தவர்களின் கண்களா, ஆடியவர்களின் கால்களா?" இதுதான் தலைப்பு. கால்களே என்று வாதாட வந்திருக்கிறேன். இடுப்பிலிருந்து தட்டு மாதிரி விரிந்து நிற்கும் அந்த வெள்ளைப் பாவாடையைப் படத்திலாவது பார்க்காதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி உருக்கமாகப் பேசினார். பாரிஸ் ஓபரா என்ற அரங்கின் பணக்காரச் சந்தாதாரர்களைப் பற்றிச் சொன்னார். பிரெஞ்சு ஓவியர் தெகாவின் ஓவியங்களில் மேடை ஓரமாகக் கறுப்புக் கோட்டோடு நிற்கும் ஆண்களைக் காட்டினார். அவர்கள் காலைப் பார்க்க ஆசைப்பட்டார்கள், அதனால்தான் பாவாடை ஏறியது என்றார். கடைசியில் தீயில் கருகிய பாலே நடனக் கலைஞர் எம்மா லிவ்ரியைச் சொல்லி, பார்த்த கண்கள்தான் அவளைக் கொன்றன என்று முடித்தார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன். கதையை மட்டும் நூறாண்டுக்கும் மேல் முன்னால் தள்ளித் தொடங்க வேண்டியிருக்கிறது.

1681 வரை பாரிஸ் ஓபரா மேடையில் தொழில்முறை நடனப் பெண்களே கிடையாது. ஆண்கள்தான் முகமூடி போட்டுக்கொண்டு பெண் வேடம் கட்டினார்கள். அப்புறம் பெண்கள் மேடைக்கு வந்தார்கள். எந்த உடையில்? அரசவையில் போடும் அதே உடையில். தரையைத் தொடும் பாவாடை, உள்ளே கனத்த கூடு, காலில் குதி உயர்ந்த செருப்பு. துள்ளுவதும் சுழல்வதும் ஆண்களின் வேலை. பெண்கள் நளினமாக நடந்து வந்தால் போதும்.

அந்த மேடையில் 1726இல் ஏறியவர் மரி கமார்கோ. பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர். ஆண்கள் செய்யும் துள்ளல் அடவுகளை அவர் செய்ய விரும்பினார். மேலே எம்பி, கால்கள் அந்தரத்தில் இருக்கும்போதே முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றிக் குறுக்கிட்டுவிட்டு இறங்க வேண்டும். தரை தொடும் பாவாடைக்குள் அதைச் செய்தால் யாருக்குத் தெரியும்? செய்கிறவரையே அது தடுக்கி விடும். அதனால் அவர் குதியைக் கழற்றினார், பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றினார். சில அங்குலம்தான். லாங்க்ரே வரைந்த கமார்கோ ஓவியத்தைப் பாருங்கள். பாவாடை இன்னும் அகலமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதம் வெளியே வந்துவிட்டது.

இங்கே எதிரணி ஒரு கேள்வி கேட்கலாம். "காட்டத்தானே ஏற்றினார்? அப்படியானால் கண்தானே காரணம்?" நியாயமான கேள்விதான். எதைக் காட்டினார் என்று பார்க்க வேண்டும். பல வருடம் பாடுபட்டுக் கற்ற வேலையைக் காட்டினார். அப்படி ஒரு வேலை பெண்ணின் காலுக்கு வரும் என்றே அன்று கண்களுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை அவை கேட்டிருக்க முடியாது.

அவருடைய காலத்துப் போட்டியாளர் மரி சாலேவையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1734இல் லண்டனில் பிக்மாலியன் நாட்டியத்தில் கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, மெல்லிய மஸ்லின் துணியோடும் அவிழ்த்த கூந்தலோடும் ஆடினார். கல் சிலை உயிர் பெற்று அசையும் கதை அது. அரசவைப் பாவாடைக்குள் இருந்துகொண்டு எப்படிச் சிலையாக நிற்பது? பாத்திரம் கேட்டது, கழற்றினார்.

இனி டூட்டூவின் பிறந்தநாளுக்கு வருவோம். 1832 மார்ச் 12, பாரிஸ், லா சில்ஃபீட் என்ற நாட்டியம். மரி தாலியோனி காற்றுத் தேவதையாக வந்தார். இறுக்கமான மேல்சட்டை, அதன்கீழ் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே முடியும் வெள்ளைப் பாவாடை. அடுக்கடுக்கான மெல்லிய துணி, மணியின் வடிவம். உடையை வரைந்தவர் ஓவியர் ஓழென் லாமி என்பார்கள். "பார், ஒரு ஆண்தான் வரைந்தார்" என்று எதிரணி சொல்லும். சரி, வரையட்டும். அந்தப் பாவாடை ஏன் அந்த இடத்தில் முடிகிறது?

காரணம் தாலியோனியின் கால்தான். முதல் அரங்கேற்றத்துக்கு முன் அவருடைய அப்பா ஃபிலிப்போ அவரை நாளுக்கு ஆறு மணி நேரம் பழக்கினார். விரல் நுனியில் எழும்பி நிற்பதை அதற்கு முன்னாலும் சிலர் செய்திருந்தார்கள், வித்தையாக. தாலியோனி அதை நடனமாக்கினார். இன்றைக்கு இருப்பதுபோல் முனையில் கெட்டிப்படுத்திய காலணி அப்போது கிடையாது. மென்மையான சாட்டின் காலணி, விரல் பக்கம் ஊசிநூலால் இழையோட்டிக் கொஞ்சம் உறுதி செய்தது, அவ்வளவுதான். பாரம் முழுவதும் காலில்தான்.

அந்தப் பாவாடையின் வேலையைப் பாருங்கள் நடுவர் அவர்களே. பாதம் எழும்புவது தெரிகிறது. அதற்காக முழங்கால் மடங்கி நிமிரும் உழைப்பு தெரியவில்லை, துணி மூடிக்கொள்கிறது. எம்பும்போது உடம்பு முதலில் போகிறது, துணி பின்னால் போகிறது. இறங்கும்போது கால் தரையைத் தொட்ட பிறகும் துணி இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கணநேரத் தாமதத்தில்தான் பார்ப்பவருக்கு "இவள் மிதக்கிறாள்" என்று தோன்றுகிறது. நீளம் நாலு விரல் கூடினால் பாதம் மறையும், நாலு விரல் குறைந்தால் உழைப்பு வெளியே தெரியும்.

கறுப்புக் கோட்டுக்காரர்களை நான் மறுக்கவில்லை. 1830களின் தொடக்கத்தில் ஓபராவின் இயக்குநர் வெரோன் நடனக்காரர்கள் பழகும் கூடத்தைச் சந்தாதாரர்களுக்குத் திறந்துவிட்டார். ஏழை வீட்டுப் பெண்களுக்கு அங்கே நடந்தது கொடுமை. அதில் எனக்கும் சகோதரிக்கும் வேறுபாடு இல்லை. அந்த ஆண்களின் செல்வாக்கும் சாதாரணமானது இல்லை. 1861 மார்ச்சில் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் டான்ஹாய்சர் என்ற ஓபரா, அதாவது இசை நாடகம், பாரிஸ் மேடைக்கு வந்தது. ஜாக்கி கிளப் என்ற பணக்காரர் சங்கத்துக் கனவான்கள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு தாமதமாக வருவார்கள். அவர்களுக்கு பாலே இரண்டாம் அங்கத்தில் வேண்டும். வாக்னர் அதை முதல் அங்கத்திலேயே வைத்துவிட்டார். விசில் அடித்தே ரகளை செய்தார்கள். மூன்றே காட்சிகளோடு அந்த ஓபரா நின்றுபோனது.

ஒரு ஓபராவையே இறக்கும் பலம் இருந்தவர்கள்! பாவாடையை ஏற்றியது அவர்களின் ஆசைதான் என்றால், அந்த முப்பது ஆண்டுகளில் பாரிஸில் அது எங்கே போயிருக்க வேண்டும்? அப்போதும் அது முழங்காலைத் தாண்டி மேலே ஏறவில்லை. ஆசைக்கும் அதிகாரத்துக்கும் குறைவே இல்லாத ஊரில் ஏறவில்லை. அது எங்கே ஏறியது என்று பிறகு சொல்கிறேன். முதலில் எம்மா லிவ்ரி.

அவர் 16 வயதில், 1858இல், லா சில்ஃபீட் நாட்டியத்தில் அறிமுகமானவர். ஓய்வு பெற்று இத்தாலியில் இருந்த தாலியோனி, இந்தப் பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பாரிஸுக்குத் திரும்பி வந்து சொல்லிக்கொடுத்தார். அவருக்காகவே லெ பப்பியோன் என்ற நாட்டியத்தை 1860இல் அமைத்தார்.

அந்தக் காலத்தில் மேடைக்கு வெளிச்சம் எரிவாயு விளக்கு. திறந்த சுடர். பக்கத்திலேயே மஸ்லின் பாவாடை. 1844இல் லண்டனில் கிளாரா வெப்ஸ்டர் இப்படித்தான் மேடையிலேயே தீப்பிடித்து இறந்தார். இந்த ஆபத்தைத் தடுக்க 1859இல் பிரான்சில் ஓர் ஆணை வந்தது: மேடைத் துணியை, உடைகள் உட்பட, படிகார வகை உப்புக் கரைசலில் நனைத்துத் தீப்பிடிக்காமல் செய்ய வேண்டும். நனைத்துக் காயவைத்தால் துணி விறைக்கிறது, மங்கிப்போகிறது. லிவ்ரி மறுத்தார். என் வழக்கமான பாவாடையில்தான் ஆடுவேன், பொறுப்பு என்னுடையது என்று எழுத்திலேயே கொடுத்தார்.

1862 நவம்பர் 15, ஒத்திகை. தன் முறைக்காகக் காத்திருந்த லிவ்ரி, உட்கார்ந்தால் பாவாடை நசுங்குமே என்று அதை மேலே தூக்கி விரித்தார். அந்தக் காற்றில் பக்கத்து விளக்கின் சுடர் துணிக்குத் தாவியது. எரிந்துகொண்டே மேடையில் ஓடினார். தீயணைப்பு வீரர் ஒருவர் போர்வையால் சுற்றிப் பிடிக்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. எட்டு மாதம் வேதனைப்பட்டு 1863 ஜூலை 26 அன்று இறந்தார். வயது 20. கருகிய துணியின் மிச்சம் பாரிஸ் ஓபரா அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

சகோதரி, அந்தப் பெண்ணுக்காக நீங்கள் கலங்கினீர்கள், நானும் கலங்குகிறேன். ஆனால் பார்ப்பவர்களை மகிழ்விக்க உயிரைக் கொடுத்த பேதை என்று நீங்கள் வரைந்த படத்தை என்னால் ஏற்க முடியாது. விறைத்த துணி உடம்போடு எழாது, உடம்பு இறங்கிய பிறகு மிதந்து இறங்காது. தாலியோனியிடம் கற்ற அந்த மிதப்பு அதோடு போய்விடும். இதை அந்த அரங்கத்தில் லிவ்ரியைவிட நன்றாக அறிந்தவர் யார்? படுக்கையில் கிடந்தபோதும், மறுபடி மேடை ஏறினாலும் அந்த நனைத்த பாவாடையைப் போட மாட்டேன் என்று சொன்னதாகத்தான் பதிவு இருக்கிறது. முடிவு தவறு என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அது அவருடைய முடிவு, தன் தொழிலை அறிந்தவரின் முடிவு. சுடரை மூடாமல் விட்டவர்கள்மேல் கோபப்படுங்கள். அந்தக் கோபத்தில் நானும் சேர்ந்துகொள்கிறேன்.

இப்போது பாவாடை எங்கே ஏறியது என்று பார்ப்போம். இத்தாலியில் பயின்றவர்கள் ஆடிய மேடைகளில். மிலன் நகரப் பயிற்சி கடுமையானது. சுழற்சியும் விரல் நுனி வேலையும் அங்கே வேறொரு உயரத்துக்குப் போயின. 1885இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போன விர்ஜினியா சுக்கி, ஏகாதிபத்திய அரங்கின் நீளப் பாவாடையை ஏற்காமல் குட்டைப் பாவாடைக்காகப் பிடிவாதம் பிடித்தார். அவருக்குப் பின் வந்தவர் பியரினா லென்யானி. 1893இல் சிண்ட்ரெல்லாவிலும், 1895இல் 'ஸ்வான் லேக்' என்ற அன்னப் பொய்கையிலும் ஒற்றைக் காலில் 32 சுற்று சுற்றினார்.

அந்தச் சுற்றைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஊன்றிய கால் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி, மறுபடி விரல் நுனிக்கு எழ வேண்டும். மற்றக் கால் பக்கவாட்டில் வீசி, மடங்கி, முழங்காலுக்கு வர வேண்டும். முப்பத்திரண்டு முறை, நின்ற இடத்திலேயே. நீளப் பாவாடையோடு சுற்றினால் துணி காலில் சுற்றிக்கொள்ளும். உடம்பு நின்ற பிறகும் துணி தன் போக்கில் சுற்றி இடுப்பை இழுக்கும். இடுப்போடு சேர்ந்தே திரும்பும், கால்களுக்கு வழிவிடும் பாவாடைதான் அந்த ஆட்டத்துக்கு ஏற்றது. தட்டையான டூட்டூ நிலைத்தது அதனால்தான்.

அதை எப்படித் தைக்கிறார்கள் தெரியுமா? பத்துப் பன்னிரண்டு அடுக்கு நெட் துணி. அடியில் குட்டை, மேலே போகப் போக நீளம். ஒவ்வொன்றையும் சுருக்கு வைத்து இடுப்பு உள்ளாடையோடு தைப்பார்கள். நடுவில் ஓர் அடுக்கில் எஃகு வளையம். பிறகு எல்லா அடுக்கையும் சேர்த்துக் கையால் பெரிய பெரிய தளர்ந்த தையல் போடுவார்கள். இறுக்கினால் துணி செத்துவிடும். மேல்சட்டையின் முதுகில் ஜிப் கிடையாது, கொக்கிதான். ஆட்டத்தின் நடுவே ஜிப் பிய்ந்தால் அவ்வளவுதான். கொக்கி மாட்டும் கண்கள் இரண்டு மூன்று வரிசை இருக்கும், ஒரே உடையை வேறு வேறு உடல்வாகு உள்ளவர்கள் போடலாம். ஆடி முடிந்ததும் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள், விரிப்பு தொய்யாமல் இருக்க. போட்டுக்கொண்டால் தன் பாதமே தனக்குத் தெரியாது. அதனால் ஒத்திகையிலேயே பழைய டூட்டூ ஒன்றைக் கட்டிப் பழகுகிறார்கள்.

அந்த வளையமும் ஆட்டத்துக்கு இடைஞ்சலானபோது போய்விட்டது. நியூயார்க்கில் நடன அமைப்பாளர் பாலன்சினின் நாட்டியங்களில் நிறையப் பேர் நெருக்கமாக ஆடுவார்கள். ஒரு வளையம் இன்னொன்றில் இடித்தால் முன்னால் இறங்கி, பின்னால் தூக்கிக்கொள்ளும். உக்ரைனின் கார்கிவ் நகரில் பிறந்த தையல் கலைஞர் கரின்ஸ்கா, 1950இல் வளையமே இல்லாமல், ஆறேழு அடுக்கு மட்டும் வைத்து, தானே நிற்கும் மென்மையான டூட்டூவைத் தைத்துக் கொடுத்தார். 1970களில் அதே நியூயார்க்கின் ஹார்லெம் நடனக் குழுவின் கறுப்பினக் கலைஞர்கள் இளஞ்சிவப்புக் காலுறையைக் கழற்றிவிட்டு, அவரவர் தோல் நிறத்தில் அணிந்தார்கள். நூறாண்டாகப் பழகிய கண்கள் எதிர்பார்த்தது இளஞ்சிவப்பைத்தான்.

நம் ஊருக்கும் இதில் ஓர் உறவு உண்டு. ருக்மிணி தேவி, ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் குழுவில் இருந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றவர். உன் நாட்டு நடனத்தைத் தேடு என்று பாவ்லோவா சொன்னதும் நமக்குத் தெரிந்த கதை. பின்னாளில் பரதத்துக்குத் தைத்த உடையை அவர் அமைத்தபோது, அரைமண்டியில் உட்கார்ந்தால் விரியும்படி விசிறி மடிப்பு வந்து அமர்ந்தது. ஆடிய ஒருவர்தான் அதையும் அறிந்து செய்தார்.

கடைசியாக எதிரணிக்கு ஒரு கேள்வி. கண்களின் ஆசைதான் பாவாடையைக் குறைத்துக்கொண்டே வந்தது என்றால், நீளப் பாவாடை எப்போதோ செத்திருக்க வேண்டும். இன்றைக்கும் ஜிசெல் என்ற பாலேயின் இரண்டாம் அங்கத்தில் ஆவிகள் தாலியோனி காலத்து நீளத்தில்தான் வருகிறார்கள். அதே குழு அடுத்த வாரம் அன்னப் பொய்கையில் தட்டை டூட்டூ கட்டுகிறது. அதே பெண்கள், அதே அரங்கம், அதே பார்வையாளர்கள். மாறியது ஆட்டம் மட்டும். இதற்கு அடுத்துப் பேசுபவர் பதில் சொல்லட்டும். பிறகு நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.