இன்டர்நெட்டைப் பார்த்து அம்மா மாத்திரையை நிறுத்திட்டாங்க, என்ன செய்யலாம்?

அடுத்த கேள்வி சிங்கப்பூர் ஈசூன்லேர்ந்து ஒரு தங்கச்சி அனுப்பினது. "அம்மாவுக்கு 74 வயசு, சுகர் இருக்கு. ஃபோன் வாங்கிக் கொடுத்து வைஃபையும் போட்டுக் கொடுத்தேன். மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கும்னு ஏதோ வீடியோ பார்த்துட்டு மாத்திரையை நிறுத்திட்டாங்க. ஃபோன் கொடுத்ததே தப்போ?"ங்கறாங்க.

ஃபோனைப் பிடுங்கிடாதீங்கம்மா. அப்பாயின்ட்மென்ட் போடறதும் ரத்தப் பரிசோதனை முடிவு பார்க்கறதும் அதுலதானே. விடியக்காலையில பாலிகிளினிக் வாசல்ல நின்னு நம்பர் எடுத்தவங்களுக்கு அதோட அருமை தெரியும்.

அந்த வீடியோவுக்கு வருவோம். கிட்னியைக் கெடுக்கறது கட்டுப்படாத சுகர், மெட்ஃபார்மின் இல்ல. இந்த மருந்து கிட்னி வழியாத்தான் வெளியே போகும். கிட்னி ஏற்கெனவே பலவீனமா இருந்தா மருந்து உடம்புல தங்கிடும்னுதான் டாக்டர் அளவைக் குறைக்கறார், ரொம்ப மோசமானா நிறுத்தறார். அதைத்தான் சிலர் தலைகீழாப் புரிஞ்சுக்கிட்டு வீடியோ போட்டுடறாங்க.

எனக்குப் பயம் வேற இடத்துல. இப்ப ஃபோன்ல ஹெல்த்ஹப்ங்கற சுகாதார ஆப்ல அழுத்தினா மருந்து வீட்டு வாசலுக்கே வந்துடுது. சௌகரியம்தான். ஆனா முன்னாடி மருந்துக் கவுன்ட்டர்ல, "என்னம்மா, போன மாசத்து மாத்திரை மிச்சமிருக்கா?"னு கேட்போம், குட்டு வெளிப்பட்டுடும். இப்ப பிரிக்காத அட்டையெல்லாம் அலமாரியில சேருது, யாருக்கும் தெரியறதில்ல. அடுத்த தடவை மூணு மாச சுகர் சராசரி, அதான் எச்பிஏ1சி, ஏறியிருக்கும். மாத்திரை பத்தலைன்னு நினைச்சு டாக்டர் கிளிபிசைடு மாதிரி, சுகரை ரொம்பவே இறக்கிடக்கூடிய இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பார். அம்மா ஒருநாள் பயந்துபோய் எல்லாத்தையும் ஒழுங்கா முழுங்க ஆரம்பிச்சா, சுகர் மளமளன்னு இறங்கி மயக்கமே வந்துடலாம்.

அதனால அலமாரியில இருக்கற அத்தனை அட்டையையும் ஒரு பையில போட்டு பார்மசிஸ்ட்கிட்ட எடுத்துட்டுப் போங்க. வீடியோவையும் காட்டுங்க, சிரிக்க மாட்டாங்க. நிறுத்தி நாளாயிருந்தா, எந்த அளவுல திரும்ப ஆரம்பிக்கறதுன்னு கேட்டுக்கோங்க. எடுத்த எடுப்புல முழு அளவு போட்டா வயித்தைக் கலக்கும்.

இன்னொண்ணு. அரசாங்கச் சேவைக்கெல்லாம் உள்ளே நுழையற அம்மாவோட சிங்பாஸ் பாஸ்வேர்டை நீங்க வெச்சிருந்தா, அந்தப் பழக்கத்தை விட்டுடுங்க. அது அவங்க சிபிஎஃப், அதான் சேமநிதிப் பணத்துக்கும் சாவி. ஹெல்த்ஹப்லேயே கேர்கிவர் ஆக்சஸ் இருக்கு. அம்மா சம்மதிச்சா, உங்க சிங்பாஸ்லேயே அவங்க அப்பாயின்ட்மென்ட்டைப் பார்க்கலாம். அமைக்கத் தெரியலைன்னா சமூக மன்றத்துல அரசாங்கத்தோட எஸ்ஜி டிஜிட்டல் ஆளுங்க சொல்லித் தருவாங்க, காசு கிடையாது.