பெஞ்சுல இருந்து வந்த கேள்வி: நவநீதம் பிள்ளை

வணக்கமுங்க. இன்னைக்கு ஞாயித்துக்கெழமை, கோர்ட் லீவு. வெள்ளென கெளம்பி, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு வந்துட்டேன். பின்னால தெரியறது காப்பித் தோட்டம். பனி இன்னும் விலகல.

போன வாரம் சேலம் கோர்ட் வாசல்ல ஒரு கட்சிக்காரர் வக்காலத்துல கையெழுத்துப் போட்டு என் கையில கொடுத்துட்டு, "சரிம்மா, வக்கீல் எப்ப வருவாரு?"ன்னு கேட்டாரு. நான் கவுன் போட்டுட்டுதான் நின்னேன். அன்னைக்கு ராத்திரி பூரா, தென்னாப்பிரிக்காவுல வக்கீலா இருந்து நீதிபதியான நவநீதம் பிள்ளையம்மாவைப் பத்தித்தான் படிச்சிட்டிருந்தேன்.

டர்பன்ல 1941-ல பொறந்தவங்க. அப்பா பஸ் டிரைவர். 1860-ல இருந்து மெட்ராஸ்ல கப்பல் ஏறி, கரும்புத் தோட்டக் கூலிக்குப் போனாங்களே, அந்தச் சனத்தோட வழி. ஊர்க்காரங்க காசு சேத்துத்தான் காலேஜுக்கு அனுப்பினாங்க. படிச்சு முடிச்சா, எந்த வெள்ளைக்கார வக்கீல் ஆபீசுலயும் வேலை இல்ல. 1967-ல தானே ஆபீஸ் போட்டாங்க. டர்பன் இருக்கற நேட்டால் மாகாணத்துல அப்படிப் போட்ட முதல் வெள்ளையரல்லாத பொண்ணு. 1973-ல ராபன் தீவு ஜெயில் கைதிங்களுக்கு, மண்டேலாவுக்கும் சேத்துத்தான், வக்கீலைப் பாக்கற உரிமையை வாங்கிக் கொடுத்தாங்க. ஆனா 28 வருசம் வாதாடியும், நிறத்தைக் காட்டி ஒரு நீதிபதியோட தனி அறைக்குள்ள, அதான் சேம்பருக்குள்ள, கால் வெக்க விடலீங்க. 1995-ல இவங்களே நீதிபதி ஆனாங்க. முதல் தடவையா நுழைஞ்ச சேம்பர் இவங்களோடதுதான்!

அப்புறம்தான் ருவாண்டா. 1994-ல நடந்த இனப்படுகொலையை விசாரிக்க ஐ.நா. தான்சானியாவுல, அருஷாவுல ஒரு நீதிமன்றம் வெச்சது; இவங்க அதுல நீதிபதி. டாபாங்கற ஊரோட மேயர் அகாயேசு மேல வழக்கு. குற்றப்பத்திரிகையில பாலியல் வன்கொடுமைன்னு ஒரு வரிகூட இல்ல. 1997-ல ஒரு தாய் கூண்டுல ஏறி, வேற எதையோ சொல்லிட்டு வரும்போது, தன்னோட ஆறு வயசு மகளுக்கு நடந்ததையும் சொல்றாங்க. அது வழக்குலயே இல்லாத விசயம், அப்படியே தாண்டிப் போயிருக்கலாம். போகல. பெஞ்சுல இருந்து கேள்வி வந்துச்சு. மூணு நீதிபதிங்கள்ல இவங்க ஒருத்தர்தான் பொண்ணு. அடுத்தடுத்து இன்னும் பெண்கள் வாய் தொறந்தாங்க. அந்த வருசமே குற்றப்பத்திரிகையைத் திருத்தினாங்க. 1998 செப்டம்பர் 2-ல தீர்ப்பு: ஒரு இனத்தை அழிக்கற நோக்கத்தோட செஞ்சா, பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலைதான். ஒரு சர்வதேச நீதிமன்றம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. இதைப் படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துருச்சுங்க.

பின்னால ஹேக்ல சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துல நீதிபதி, 2008-ல இருந்து 2014 வரைக்கும் ஐ.நா. மனித உரிமை ஆணையர். 2013-ல இலங்கைக்குப் போய், காணாமப் போனவங்க குடும்பங்களை நேர்ல பாத்தாங்க. அந்த ஆறு வருசத்துக்கே தனி வீடியோ போடணும்.

செவ்வாக்கெழமை அதே கட்சிக்காரரோட வாய்தா. அவரோட சம்சாரம் கூண்டுல ஏறுறாங்க. முதல் விசாரணையை சீனியர் என்னைத்தான் பண்ணச் சொல்லியிருக்காரு. கேக்க வேண்டிய கேள்வியெல்லாம் இங்கயே உக்காந்து எழுதிட்டுத்தான் மலை எறங்கப் போறேன். வரட்டுங்களா.