ஒரே நாள், இரண்டு தேதி! சங்ககிரிக் கோட்டையின் காலண்டர் புதிர்

[திரையில்: சங்ககிரி மலை, அடிவாரத்திலிருந்து]

தீரன் சின்னமலையை வெள்ளைக்காரர்கள் தூக்கிலிட்ட நாள் எது? யோசிக்காமல் சொல்லுங்கள்.

1805 ஜூலை 31 என்கிறீர்களா? சரி. ஆடி பதினெட்டு என்கிறீர்களா? அதுவும் சரி. இப்போது உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் ஜூலை 31-ஐத் தேடிப் பாருங்கள். அநேகமாக ஆடி 15 என்று போட்டிருக்கும். ஆடி 18 வருவது ஆகஸ்ட் 3-ஆம் தேதி. சில வருஷம் ஆகஸ்ட் 2.

ஒரு மனிதரை இரண்டு தடவை தூக்கில் போட முடியாது. அப்படியென்றால் யாரோ தப்பாக எழுதி வைத்திருக்கிறார்கள், அப்படித்தானே?

அதுதான் இல்லை. இரண்டுமே ஒரே நாள்தான். எப்படி என்று காட்டுகிறேன். பாதியில் ஓடிவிடாதீர்கள், நடுவில் சுட்ட தேங்காய் வருகிறது.

இந்தப் புதிரில் எனக்குச் சொந்தப் பகை ஒன்று உண்டு. எட்டாம் வகுப்பு வினாடி வினாவில் இதே கேள்விக்கு "ஆடி 18" என்று எழுதினேன். ஜூலை 31 என்று வர வேண்டுமாம். சிவப்பு மையால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. ஒரே ஒரு மதிப்பெண்ணில் எங்கள் அணி வெளியே. அந்தச் சிவப்பு மை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

[திரையில்: கோட்டைச் சுவர், மேலே ஏறும் படிகள்]

வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரிந்த கதைதான். 1756-இல் காங்கேயம் பக்கம் பிறந்தவர். இயற்பெயர் தீர்த்தகிரி. மைசூருக்குப் போன வரிப்பணத்தை வழியில் மறித்துப் பிடுங்கி, "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பிடுங்கிக்கொண்டது என்று போய்ச் சொல்" என்றாராம். பெயர் வந்த கதை அது. அப்புறம் அதே மைசூரின் திப்புவோடு சேர்ந்து கம்பெனிப் படையை எதிர்த்தார். காவிரிக்கரை, ஓடாநிலை, அரச்சலூர் என்று மூன்று இடத்தில் மோதினார். கடைசியில் பிடிபட்டு, தம்பிகளோடு இந்த மலைக்குக் கொண்டுவரப்பட்டு, இங்கேயே தூக்கு. சேலத்திலிருந்து ஈரோடு போகும் ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்தால் மலை தெரியும். ஊரே லாரிக்குப் பேர் போனது, அதனால் சாலையில் போனால் மலையைவிட லாரிதான் அதிகம் தெரியும்.

அவருடைய நினைவு நாளை அரசு விழாவாக ஓடாநிலையில் கொண்டாடுவது ஆடி 18-இல். ஆனால் 200-ஆவது நினைவு ஆண்டில் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது 2005 ஜூலை 31-இல். அரசாங்கத்துக்குள்ளேயே இரண்டு காலண்டர் ஓடுகிறது.

[திரையில்: தினசரிக் காலண்டர், கிழிபடும் தாள்கள்]

இப்போதுதான் எனக்குப் பிடித்த இடம். நம்முடைய பண்டிகைகளில் பெரும்பாலானவை திதியையோ நட்சத்திரத்தையோ பார்த்து வருபவை. தீபாவளிக்குத் தேய்பிறைச் சதுர்த்தசி வேண்டும், தைப்பூசத்துக்குப் பூசம் வேண்டும். ஆடிப்பெருக்குக்கு எதுவும் வேண்டாம். அமாவாசையோ பௌர்ணமியோ, அஷ்டமியோ நவமியோ, ஆடி மாதத்தில் பதினெட்டாவது தாளைக் கிழித்தால் பண்டிகை. தேதியே அதற்குப் பெயர், "பதினெட்டாம் பெருக்கு". இப்படித் தேதியை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும் நாட்கள் நம்மிடம் கொஞ்சம்தான். சித்திரை 1, தை 1 அந்த வரிசை.

சரி, ஆடி 1 எப்போது? சூரியன் கடக ராசிக்குள் நுழையும்போது. ஆக, நம் மாதக் கணக்கு நட்சத்திர மண்டலத்தை வைத்து நடக்கிறது. இங்கிலீஷ் காலண்டர் பருவத்தை வைத்து நடக்கிறது. இரண்டுக்கும் ஒரு சின்ன வித்தியாசம் இருக்கிறது. ரொம்பச் சின்னது.

வாக்கியப் பஞ்சாங்கக் கணக்கில் ஒரு வருஷம் என்பது 365 நாள், 15 நாழிகை, 31 விநாடி, 15 தற்பரை. ஒரு நாழிகை 24 நிமிடம். இங்கே விநாடி என்றால் கைக்கடிகார நொடி இல்லை, 24 நொடி. தற்பரை அதில் அறுபதில் ஒரு பங்கு. மாற்றிப் போட்டால் 365 நாள், 6 மணி, 12 நிமிடம், 30 நொடி. இங்கிலீஷ் காலண்டரின் சராசரி வருஷம் 365 நாள், 5 மணி, 49 நிமிடம், 12 நொடி. கழித்துப் பாருங்கள்: 23 நிமிடம், 18 நொடி.

ஒரு வருஷத்துக்கு 23 நிமிடம். சேலம் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து புது பஸ் ஸ்டாண்டுக்குச் சாயங்கால நெரிசலில் போகும் நேரம். அவ்வளவுதான். அதை 60 வருஷத்துக்குப் பெருக்குங்கள். 23 மணி 18 நிமிடம். கிட்டத்தட்ட ஒரு முழு நாள்!

60 வருஷம் என்றதும் மணி அடிக்க வேண்டுமே. பிரபவ, விபவ என்று ஆரம்பித்து அட்சயவில் முடிகிற நம் வருஷச் சுற்றும் 60-தான். அதாவது, ஒரு சுற்று முடிவதற்குள் தமிழ்த் தேதி இங்கிலீஷ் தேதியிலிருந்து சராசரியாக ஒரு நாள் தள்ளிப்போகிறது. இது தற்செயல்தான், சுற்றுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் இந்தக் கணக்கை முதல் தடவை போட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது சங்ககிரிக்குத் திரும்புவோம். சின்னமலை மறைந்த 1805 ஆடி, குரோதன வருஷம். 1865 குரோதன, 1925 குரோதன, 1985 குரோதன. மூன்று சுற்று. இப்போதெல்லாம் ஆடி 18 பெரும்பாலும் என்றைக்கு? ஆகஸ்ட் 3. மூன்று நாள் பின்னால் போங்கள்: ஆகஸ்ட் 2, ஆகஸ்ட் 1...

ஜூலை 31.

1805-இல் ஆடி முதல் தேதி ஜூலை 14-இல் பிறந்தது. பதினெட்டாம் நாள் ஜூலை 31. எழுதியவர் யாரும் தப்பு செய்யவில்லை. நகர்ந்தது காலண்டர். அதுவும் சீராக நகராது. 1900 மாதிரி நான்கால் வகுபட்டும் லீப் இல்லாத வருஷம் வரும்போது ஒரேயடியாக ஒரு எட்டு வைக்கும்.

நம்பிக்கை வராதவர்களுக்கு இன்னொரு சாட்சி. விவேகானந்தர் பிறந்தது 1863 ஜனவரி 12. அன்றைக்கு மகர சங்கராந்தி, அதாவது நம் பொங்கல் வருகிற சமயம். இப்போது பொங்கல் ஜனவரி 14 அல்லது 15. 1863-இல் 12! அதே நகர்வு, அதே கணக்கு.

இப்படியே போனால் இன்னும் சுமார் 740 வருஷத்தில் ஆடி 18 ஆகஸ்ட் 15-இல் வந்து நிற்கும். சேலத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு லீவு ஒரே நாளில் விழுந்து ஒன்று வீணாகும். அந்தத் தலைமுறையை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

[திரையில்: மேட்டூர் அணை, காவிரிப் பாலம்]

மேட்டூரைச் சொல்லாமல் ஆடி 18 பற்றி வீடியோ போட்டால் கமெண்ட்டில் அடிப்பீர்கள். அணை 1934-இல் திறந்தது, முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. அன்றைக்குக் காலையில் தலையில் அருகம்புல்லும் காசும் வைத்து முழுக்குப் போடுவார்கள், புதுப்பெண்கள் தாலிக்கயிறு மாற்றுவார்கள், முளைப்பாரியை ஆற்றில் விடுவார்கள். அப்புறம் அணைக்கட்டு முனியப்பனுக்குக் கிடாயும் சேவலும். அப்புறம் மீன் வறுவல். எனக்கு அந்தக் கடைசி அயிட்டத்தில்தான் பக்தி அதிகம்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். பெருக்கைக் கும்பிடத்தான் பண்டிகை. ஆனால் நிஜமாகவே பெருக்கு வந்துவிட்டால் ஆற்றில் இறங்கத் தடை! 2024-இல் ஜூலை 30 அன்று அணை 120 அடியைத் தொட்டது. நாலே நாளில் ஆடி 18. குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டினால் மேட்டூரில் குழாயடிக் குளியல்தான்.

சேலம் நகரத்துக்குள்ளேயே ஒரு ஆறு இருக்கிறதே, அங்கே முங்கக் கூடாதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறக்கும்போது நன்றாகத்தான் பிறக்கிறது. ஊருக்குள் வந்த பிறகு அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதுதான் மரியாதை.

[திரையில்: தெருவில் நெருப்பு, சுற்றிப் பிள்ளைகள்]

நான் சொன்ன தேங்காய்க்கு வருவோம். இது ஆடி 18 இல்லை, ஆடி 1. தஞ்சாவூர்க்காரர்களே, மதுரைக்காரர்களே, உங்களுக்கு இது கிடையாது. சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் பக்கத்துக்காரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் கர்வப்பட்டுக்கொள்ளலாம்.

ஆனி மாதக் கடைசியிலேயே கடைவீதியில் அழிஞ்சில் குச்சி விற்பனைக்கு வந்துவிடும். நல்ல தேங்காயாகப் பார்த்து வாங்க வேண்டும், ரொம்ப இளசும் ஆகாது, கொப்பரை ஆகிறதும் ஆகாது. நாரை மொத்தமாகச் சுரண்டி, சிமெண்டுத் தரையில் தேய்தேய் என்று தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். இந்த வேலை எப்போதும் வீட்டில் சின்னப் பையன் தலையில்தான் விழும். எங்கள் வீட்டில் அது நான். பிறகு மூன்று கண்ணில் ஒன்றைத் திறந்து, தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டு (இதற்குச் சண்டை நடக்கும்), அந்த ஓட்டை வழியாகப் பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், எள், பொட்டுக்கடலை எல்லாவற்றையும் உள்ளே தள்ள வேண்டும். அழிஞ்சில் குச்சியின் முனையைச் சீவி அந்தக் கண்ணில் அடித்து இறுக்கினால் பிடியும் அதுதான், மூடியும் அதுதான். மஞ்சள் பூசி, தெருவில் நெருப்பு மூட்டி, சுற்றி நின்று திருப்பித் திருப்பிச் சுட வேண்டியதுதான். உள்ளே மிச்சம் இருக்கும் தண்ணீரிலேயே அரிசியும் பருப்பும் வெந்துவிடும். ஓடு கருகி 'டப்' என்று வெடிக்கும்போது எடுத்துவிட வேண்டும். பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்தால் புகை வாசத்தோடு ஒரு தேங்காய்ப் பொங்கல், அதைச் சுற்றி வெந்த தேங்காய். எந்த ஐஸ்கிரீம் கடையும் இதற்கு ஈடு கொடுக்காது. இது என் தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது.

ஏன் சுடுகிறோம்? பாட்டிமார் சொல்லும் காரணம் மகாபாரதம். குருட்சேத்திரப் போர் ஆடி 1-இல் தொடங்கி 18-இல் முடிந்ததாம். பாண்டவர்கள் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முதல் நாள் தேங்காய் சுட்டார்களாம். பதினெட்டாம் நாள் போர் முடிந்து ஆயுதத்தை ஆற்றில் கழுவினார்களாம். வரலாற்று ஆதாரம் கேட்காதீர்கள், பாட்டியிடம் அதெல்லாம் எடுபடாது. ஆனால் ஆடி 18 அன்று காவிரிக்குப் போனால் ஒன்றைக் கவனியுங்கள். கிராமங்களிலிருந்து மேளத்தோடு வருகிறவர்கள் தங்கள் சாமியின் வேல், சூலம், அரிவாளையெல்லாம் ஆற்றில் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்துத் திரும்பத் தூக்கிப் போவார்கள். கதைக்கும் கழுவுகிற ஆயுதத்துக்கும் நடுவில் ஏதோ ஒரு நூல் ஓடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கொல்லிமலையில் அதே ஆடி 17, 18-இல் வல்வில் ஓரி விழா. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தைத் துளைத்ததாகச் சங்கப் பாட்டு பாடிய வள்ளல் அவர். அதற்குத் தனி வீடியோ போட வேண்டும், இதில் அடைத்தால் ஓரி கோபித்துக்கொள்வார்.

[திரையில்: மீண்டும் சங்ககிரி, மாலை வெளிச்சம்]

சங்ககிரி மலை ஏற நினைப்பவர்கள் விடியற்காலையிலேயே போய்விடுங்கள், கையில் தண்ணீர் இருக்கட்டும். தேதி பார்த்துப் போவதென்றால் ஜூலை 31-உம் சரி, ஆடி 18-உம் சரி, யாரும் குறி போட்டு அடிக்க மாட்டார்கள்.

உங்கள் தாத்தா பாட்டியின் பிறந்தநாள் தமிழ்த் தேதியில் எழுதி வைத்திருக்கிறதா? பழைய நோட்டில், ஜாதகத்தில், கல்யாணப் பத்திரிகையில் பாருங்கள். அதே தமிழ்த் தேதி இந்த வருஷம் என்றைக்கு வருகிறது என்று காலண்டரில் ஒப்பிட்டு, எத்தனை நாள் நகர்ந்திருக்கிறது என்று கமெண்ட்டில் போடுங்கள். அப்படியே, உங்கள் வீட்டுத் தேங்காய்க்குள் எள் உண்டா இல்லையா என்பதையும் எழுதுங்கள். எள் போடாத கட்சி ஒன்று இருப்பதாகக் கேள்வி, அவர்களிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

அடுத்த வீடியோ, சேலம் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கை. சாமி வேஷம் கட்டியவர்களோடு வண்டியிலேயே ஏறிப் படம் பிடிக்கலாம் என்று இருக்கிறேன், ஏற்றுவார்களா என்று பார்ப்போம்.