சாணக் கலனும் புலிக் காடும்

நேயர்களுக்கு வணக்கம். நேபாளத்தில் 2009-இல் 121 ஆக இருந்த புலிகள் 2022 கணக்கெடுப்பில் 355 ஆகிவிட்டன. ராணுவக் காவலும் வேட்டைத் தடுப்பும்தான் காரணம் என்பார்கள். உண்மைதான். ஆனால் வீட்டுக் கொல்லையில் புதைந்து கிடக்கும் சாண எரிவாயுக் கலனுக்கும், அதாவது கரைத்த சாணத்திலிருந்து அடுப்பெரிக்க வாயு தரும் தொட்டிக்கும், அதில் பங்கு உண்டு. அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நேபாளத்தின் பர்தியா தேசியப் பூங்காவை இந்தியாவின் கதர்னியாகாட் சரணாலயத்தோடு இணைப்பது காதா வழித்தடம். புலியும் யானையும் காண்டாமிருகமும் எல்லை தாண்டும் ஒடுங்கிய காடு அது. இருபுறமும் ஊர்கள். அடுப்புக்கு விறகு, மாட்டுக்கு மேய்ச்சல், எல்லாம் அதிலிருந்துதான். காவலரைப் போட்டு விறகை நிறுத்தலாம். உலையை நிறுத்த முடியுமா?

விறகுக்குப் பதிலாகச் சாண வாயுவைத் தரத்தான் நெதர்லாந்து உதவியோடு 1992-இல் நேபாளத்தில் எரிவாயுத் திட்டம் தொடங்கியது. பிறகு ஜெர்மனியும் கைகொடுத்தது. உலக இயற்கை நிதியம் (WWF) இந்திய எல்லையை ஒட்டிய தராய்ச் சமவெளியில் 7,500 கலன்களுக்குத் திட்டமிட்டு, அவற்றால் குறையும் கரியமில வாயுவுக்குச் சான்று பெற்று, அந்தச் சான்றை விற்றுப் பணமாக்கவும் வழி செய்தது.

ஆறு கன மீட்டர் கலனை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 36 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர். கட்டியில்லாமல் கரைத்து, மணல் அடியில் படிந்த பிறகு உள்ளே விட வேண்டும். மணலும் சேர்ந்து போனால் சில ஆண்டுகளில் கலனின் கொள்ளளவே சுருங்கிவிடும். ஒழுங்காக ஊட்டினால் ஓர் அடுப்பு மூன்று மணி நேரத்துக்கு மேல் எரியும். ஒரு சின்னக் குடும்பத்தின் இரண்டு வேளைச் சமையலுக்கு அது போதும்.

அவ்வளவு சாணத்துக்கு மூன்று நான்கு மாடுகள் வேண்டும், அதுவும் தொழுவத்தில் கட்டியிருக்க வேண்டும். காட்டில் மேயும் மாட்டின் சாணம் காட்டோடு போய்விடும். ஆக, கலன் வந்தால் மேய்ச்சலும் தானாகக் குறைகிறது. விறகு மிச்சமானதைவிட இதையே பெரிய லாபம் என்பேன். இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு ஆறு கன மீட்டர் கலனைக் கட்டிக்கொடுப்பது வீண். அது என்றும் அரைப் பட்டினிதான்.

பழுது பெரும்பாலும் சின்ன இடத்தில்தான் வரும். வாயுவோடு வரும் ஈரம் குழாயின் தாழ்ந்த பகுதியில் நீராகத் தேங்கும். அடுப்பில் சுடர் துள்ளும், பிறகு அணைந்துபோகும். வாயு தீர்ந்துவிட்டது என்று நினைத்து, வீட்டுப் பெண் மறுநாள் அரிவாளோடு காட்டுக்குப் போவார், புலி நடமாடும் காட்டுக்கு. அந்தத் தாழ்ந்த இடத்தில் இருக்கும் வடிகுழாயைத் திறந்து நீரை விட்டால் இரண்டு நிமிட வேலை. அதைச் சொல்லித்தர ஆளில்லாத ஊர்களில் நல்ல கலன்கள்கூடச் சும்மா கிடக்கும்.

கலனுக்குள் வாயு சேரும் குமிழ் வடிவக் கூரையின் மேல் 40 சென்டிமீட்டராவது மண் மூடியிருக்க வேண்டும். மழையில் அது கரைந்தால் வாயு அழுத்தத்தில் கூரை விரிசல் விடும். கழிப்பறையையும் கலனோடு இணைத்திருந்தால் அதில் கிருமிநாசினி ஊற்றவே கூடாது. வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். பனிக்காலத்தில் வாயு குறையும். அப்போது கூரைமேல் வைக்கோலோ மக்கு எருவோ குவித்தால் சூடு ஓரளவு தங்கும்.

கட்டும் செலவுக்கு மானியம் தருபவர்கள் திறப்பு விழாப் படத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். நேபாளத்தில் பூங்கா வருவாயில் 30 முதல் 50 சதவீதம் சுற்றுக் கிராமங்களின் வளர்ச்சிக்குத் தரலாம் என்று சட்டமே இருக்கிறது. அதில் ஒரு பகுதியை ஊருக்கு ஒரு பழுதுபார்ப்பவருக்கும், வால்வு, ரப்பர் குழாய், அடுப்பு முகப்பு ஆகிய மாற்றுப் பொருள்களுக்கும் ஒதுக்கலாம். அந்தச் செலவை முதல் நாளே திட்டத்தில் எழுதிவிட வேண்டும்.